பிழையுள்ள ஓர் ஆறுதல்

தமிழ் உபாத்தியாயர்களுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. கோயிலுக்குப் போனால்கூட ஸ்வாமியைத் தரிசிப்பதற்கு முன்னால், வாசலில் மாட்டியிருக்கும் பலகையில் ஒற்றுப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இருபது வருஷங்களுக்கு மேலாக அந்தத் தொழிலைச் செய்து வருகிற நானும் அதற்கு விலக்கல்ல. அந்தத் துர்க்குணத்தினால் ஒரு நல்ல பாட்டை வெகு காலம் சரியாகக் கேளாமலே இருந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2004-ம் வருஷம். நான் வேலையில் சேர்ந்த புதிது. ஜெயமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடையில் ஒரு தடவை, சைக்கிள் கடையில் ஒரு தடவை, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஒரு தடவை என்று ஒரே பாட்டு காதில் விழுந்துகொண்டிருந்தது. ‘ஒவ்வொரு பூக்களுமே’ என்று தொடங்கும் அந்தப் பாட்டைத் தமிழ் நாட்டில் அந்த வருஷம் கேளாதவர்கள் இருந்திருக்க முடியாது. நான் வகுப்பில் நுழைந்ததும் முதற் காரியமாக அதைக் கரும்பலகையில் எழுதினேன். “‘ஒவ்வொரு’ என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒருமைதான் வரவேண்டும். ‘ஒவ்வொரு பூவுமே’ என்பதே முறை. இதை எழுதுகிறவனுக்கு ஒரு மார்க் குறைத்துவிடுவேன்!” என்று முழங்கினேன். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன், “பாட்டு நல்லாருக்கே, சார்!” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வேற்றுமை உருபுகளுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பையன் சொன்னது எவ்வளவு பெரிய விமர்சனம் என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று.

பாட்டுப் பிறந்த விதம்

எங்கள் பள்ளத்தாக்கில் பாட்டுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. இளையராஜாவைப் பெற்ற பண்ணைப்புரம் இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. கவிஞர் வைரமுத்து வளர்ந்த வடுகபட்டியோ எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆயினும், நான் சொல்லும் இந்தப் பாட்டு எங்கள் சீமைச் சரக்கல்ல. மதுரை ஜில்லாவில் மேலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போன ஸ்ரீ சேரன் என்ற டைரக்டர், தாமே பணம் போட்டு, தாமே கதாநாயகனாகவும் நடித்து எடுத்த ‘ஆட்டோகிராப்’ படத்தில் வருவது அது. படம் 2004-ம் வருஷம் பிப்ரவரி மாதம் வெளியாயிற்று.

கதை எளிமையானது. கல்யாணம் நிச்சயமான ஒருவன், தன் வாழ்க்கையில் வந்து போனவர்களுக்கெல்லாம் பத்திரிகை கொடுக்கப் புறப்படுகிறான். கொடுக்கப் போகும் வழியெல்லாம் பழைய நினைவுகள் எழுகின்றன. கேரளத்தில் ஒரு பெண்ணிடம் அன்பு வைத்து அவளை இழந்து, மனம் உடைந்து சென்னைக்கு வந்தவன் அவன். அங்கே அவனுக்குக் கிடைத்தவள் காதலியல்ல, ஒரு சிநேகிதி. ஸ்ரீமதி ஸ்நேகா அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். நம் படங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் சிநேகத்தைக் காட்டுவது அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிநேகிதி மேடையில் நின்று பாடுகிறாள். அவன் கீழே உட்கார்ந்து கேட்கிறான். படத்தில் அந்தப் பாட்டுக்கு அவ்வளவுதான் சந்தர்ப்பம்.

பாட்டை எழுதியவர் ஸ்ரீ பா. விஜய். மெட்டமைத்தவர் ஸ்ரீ பரத்வாஜ். பாடியவர் ஸ்ரீமதி சித்ரா. அவருடன் ஒரு கோஷ்டியும் சேர்ந்து பாடுகிறது. பாட்டில் சொல்லப்படும் விஷயம் புதிதன்று. மனம் தளராதே, இருட்டுக்குப் பின் வெளிச்சம் உண்டு, பட்ட காயம் வீண் போகாது என்பதைத்தான் நம் பாட்டிமார்களும் நீதி நூல்களும் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. மெட்டும் வித்துவான்களுக்கு மட்டும் எட்டுகிற மெட்டல்ல. ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் இரண்டு தடவை கேட்டால் பாடிவிடும்.

மத்திய சர்க்கார் வழங்கும் 52-வது தேசியத் திரைப்பட விருதுகளில், 2004-ம் வருஷத்தின் சிறந்த பாடலாசிரியர் என்று ஸ்ரீ விஜய்க்கும், சிறந்த பின்னணிப் பாடகி என்று ஸ்ரீமதி சித்ராவுக்கும் இந்தப் பாட்டுக்காகவே பரிசு கிடைத்தது. சிறந்த ஜனரஞ்சகப் படம் என்ற விருதும் ‘ஆட்டோகிராப்’புக்கே வந்தது. ‘சிந்து பைரவி’யில் பாடியதற்காக முதல் தேசிய விருதைப் பெற்ற ஸ்ரீமதி சித்ராவுக்கு இது ஆறாவது.

பாட்டு தமிழ் நாட்டோடு நிற்கவில்லை. அதே வருஷத்தில் தெலுங்கில் இந்தக் கதையை மறுபடி எடுத்தபோது, ஸ்ரீ சந்திரபோஸ் எழுதி ஸ்ரீ கீரவாணி இசையமைத்த வேறொரு தேறுதல் பாட்டு இதே இடத்தில் வந்தது. அங்கே பூவுக்குப் பதிலாகச் செடி பாடம் சொல்லுகிறது. பாடியவர் அங்கும் ஸ்ரீமதி சித்ராதான். 2006-ம் வருஷம் கன்னடத்தில் வந்தபோது மறுபடியும் பூக்களே முன்னால் வந்தன. ஆக, மூன்று பாஷை பேசும் ஜனங்களுக்கு இந்த ஓர் இடத்தில் ஓர் ஆறுதல் தேவையாயிருந்திருக்கிறது.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்த விஷயந்தான். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எல்லோரும் சொல்லும் புத்திமதியை இந்தப் பாட்டும் சொல்லுகிறது. அப்படியிருக்க, மற்றவர் சொன்னால் எரிச்சல் உண்டாக்கும் அதே வார்த்தை, இங்கே மட்டும் கண்ணில் நீரை வரவழைப்பானேன்?

கலங்கிய நீரின் மேல் ஒரு பாலம்

இதற்கு விடை தேட, நேயர்களைச் சற்றே கடல் கடந்து அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ‘ராக்’ என்று ஒரு ஸங்கீத வகை உண்டு. மின்சாரக் கிடாரும் முரசுமாக ஒரே முழக்கமாயிருக்கும் என்றுதான் நம்மவர்கள் நினைப்பது வழக்கம். அதிலும் நிதானமாக, கதை சொல்லுவது போலவோ தோளைத் தட்டுவது போலவோ பாடும் பாட்டுக்கள் இருக்கின்றன. அந்த வகையில் உலகப் பிரஸித்தி பெற்றது ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’. ‘கலங்கிய நீரின் மேல் ஒரு பாலம்’ என்று அதன் பெயரைச் சொல்லலாம். 1969-ம் வருஷம் போல் ஸைமன் என்பவர் அதை எழுதினார். 1970 ஜனவரியில் அது இசைத்தட்டாக வெளிவந்தது. அமெரிக்காவில் ஆறு வாரம் முதல் ஸ்தானத்தில் நின்றது.

அந்தப் பாட்டின் வித்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நீக்ரோ அடிமைகளின் சந்ததியார் தங்கள் மாதாகோயில்களில் பாடி வந்த பக்திப் பாட்டுக்களிலிருந்து. அப்படிப்பட்ட ஒரு கோஷ்டியின் இசைத்தட்டில், கிளாட் ஜீட்டர் என்ற பாடகர் தம் போக்கில் சேர்த்துப் பாடிய ஓர் அடியைக் கேட்டு, ஸைமன் அதிலிருந்து தம் பாட்டை வளர்த்துக்கொண்டார். சாட்டையடி பட்ட ஜனங்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்ட குரல் அது. அதனால்தான் அதை அப்புறம் யார் பாடினாலும் அதில் ஒரு கனம் இருந்தது.

இன்னொரு விஷயம். ஸைமனும் நன்றாகப் பாடக் கூடியவரே. என்றாலும் பாட்டை எழுதி முடித்ததும், இதற்கு ஏற்றது தம் குரலன்று, தம் சிநேகிதர் ஆர்ட் கார்ஃபங்கலின் குரலே என்று அதை அவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு பியானோவும் அந்த உயர்ந்த தனிக் குரலுமாகத் தொடங்குகிற பாட்டு, கடைசியில் கோயில் மணிகளெல்லாம் ஒன்றாய் அடித்தது போல் நிறைந்துவிடுகிறது. சபையோர் எழுந்து நின்று கார்ஃபங்கலுக்குக் கை தட்டும்போது, ‘எழுதியவன் நானல்லவா?’ என்று சில சமயம் தமக்கு மனம் குறுகுறுத்தது உண்டு என்று ஸைமனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இருவரும் 1970-லேயே பிரிந்தும் போனார்கள். பாலத்தைப் பற்றிப் பாடியவர்களுக்கு இடையிலேயே பாலம் நிற்கவில்லை! ஆனால் பாட்டு நின்றது. 2001-ம் வருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் இடிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, சில நாட்களுக்குள் ஸைமன் அதைப் பாடினார். 2017-ல் லண்டனில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடம் தீப்பற்றிப் பலர் இறந்தபோது, அங்கே பல பாடகர்கள் கூடி, பாதிக்கப்பட்டவர்களின் உதவி நிதிக்காக இதே பாட்டைப் பாடி வெளியிட்டார்கள்.

ஆறுதல் பாட்டுக்கு வார்த்தை ஒரு பங்கு, மெட்டு ஒரு பங்கு. ஆனால் அது எந்தத் தொண்டையிலிருந்து வருகிறது என்பதுதான் பாக்கி எல்லாம். ஸைமனுக்கு இது தெரிந்திருந்தது. நம் சேரனுக்கும் தெரிந்திருந்தது.

மேடையில் நின்றவர்கள்

‘ஆட்டோகிராப்’ பாட்டைத் திரையில் பார்த்தவர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சிநேகிதியாக வரும் ஸ்நேகாவைச் சுற்றி நிற்கும் கோஷ்டியார் நிஜமாகவே கண் பார்வை இல்லாதவர்கள். மேடைதோறும் பாடிப் பிழைக்கும் கலைஞர்கள். சாதாரணமாக ஒரு டைரக்டர் என்ன செய்வார்? அழகான மலைச்சாரலில், வெள்ளையுடை அணிந்த நாற்பது பேரை வரிசையாக நிறுத்தியிருப்பார். பாட்டு இனிமையாகத்தான் இருந்திருக்கும். கேட்பவன், ‘உனக்கென்ன தெரியும் என் கஷ்டம்?’ என்று மனத்துக்குள் கேட்டிருப்பான். கண் இல்லாதவர் ஒருவர், ‘விடியும்’ என்று பாடும்போது அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கு வாய் வரும்?

அந்தக் கோஷ்டியில் நின்று பாடியவர் ஸ்ரீ கோமகன். அந்த ஒரு பாட்டினால் அவர் முகம் தமிழ் நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாயிற்று. அவர் 2021-ம் வருஷம் மே மாதம் கொரோனா நோயினால் காலமானார்.

பாடிய ஸ்ரீமதி சித்ராவும் துக்கத்தை அறியாதவரல்ல. 2011-ம் வருஷம் தம் ஒரே பெண் குழந்தையை அவர் பறிகொடுத்தார். ஊருக்கெல்லாம் தேறுதல் சொன்ன குரல் சில காலம் மௌனமாயிற்று. பிறகு அவர் மறுபடியும் பாட வந்தார். அதற்கு அப்புறம் அந்தப் பழைய பாட்டைக் கேட்டால், 2004-ல் இல்லாத ஓர் அர்த்தம் அதில் சேர்ந்திருப்பது போலத் தோன்றுகிறது. பாட்டு மாறவில்லை, நாம் அறிந்த விஷயந்தான் மாறியிருக்கிறது.

நான் செய்த தவறு

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்து, 2021 செப்டம்பர் முதல் தேதி பள்ளிகள் மறுபடி திறந்தன. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் தகப்பனார் மாம்பழ மூட்டை ஏற்றும் சிறிய லாரி ஓட்டுபவர். அந்தக் கோடையில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. வீட்டுக்கு உடலைக்கூடக் கொண்டுவர முடியவில்லை. துணியில் சுற்றி, அந்நியர்கள் நாலு பேர் கவச உடையுடன் நின்று அடக்கம் செய்தார்கள். தூரத்தில் நின்று பார்க்க இரண்டு பேருக்குத்தான் அநுமதி.

அந்தப் பெண் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்லுவாள், அத்தோடு சரி. முன்பெல்லாம் அவள் நன்றாகப் பாடுவாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஏதாவது செய்யவேண்டுமென்று தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், பிள்ளைகள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். “நம் சிநேகிதிக்காக நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவோம்” என்றேன். பதினேழு வருஷத்துக்கு முன் நான் மார்க் குறைத்த அதே பாட்டு!

பிள்ளைகள் அவளைப் பார்த்துப் பாடினார்கள். முதற் சரணம் முடிவதற்குள் அவள் எழுந்து, “சார், நான் வெளிய போறேன்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அவள் போன பிறகு வகுப்பில் இருந்த அமைதியை நான் மறக்க முடியாது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான் போனேன். ஆனால் உபாத்தியாயர்களுக்கு அந்த வார்த்தை சுலபமாக வருவதில்லை. திண்ணையில் அவள் அப்பத்தா உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கிழவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக, வாத்தியாரய்யா. ஆனா, எம் மகனுக்கு இன்னும் ஒருத்தி கூட அழுகல. கூடி உக்காந்து ஒரு ஒப்பாரி வைக்கல. அழுகவே விடாம, அழுகாத அழுகாதன்னு பாடுனா, அந்தப் புள்ள எங்கிட்டுப் போகும்?”

தமிழில் முதுநிலைப் பட்டம் பெற்றவன் நான். அந்தக் கிழவிக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆறுதல் என்பது என்ன என்று எனக்குப் பாடம் சொன்னவள் அவள்தான்.

ஒப்பாரியில் உள்ள ரகசியம்

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்குப் பெண்கள் போவதைக் கவனித்திருக்கிறீர்களா? போனவுடன் யாரும் புத்திமதி சொல்லமாட்டார்கள். வீட்டுக்காரியின் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். ஒருத்தி தொடங்குவாள். அடுத்தவள் அதை வாங்கிக்கொள்ளுவாள். இறந்தவரைப் பற்றித் தொடங்கிய பாட்டு, சிறிது நேரத்தில் அவரவர் வீட்டுச் சாவுக்குப் போய்விடும். ஒருத்தி பத்து வருஷத்துக்கு முன் போன புருஷனை நினைத்து அழுவாள். இன்னொருத்தி தாயை நினைத்து அழுவாள். ‘இவர்கள் தங்கள் துக்கத்தை அல்லவா அழுகிறார்கள்?’ என்று படித்தவர்கள் ஏளனம் செய்வதுண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆனால் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. ‘உன்னைப் போல் நானும் இழந்தவள், இழந்தும் இதோ உட்கார்ந்திருக்கிறேன்’ என்பதை வாயால் சொன்னால் அது உபதேசம், பாடி அழுதால் அது துணை.

மேடையில் நின்ற பார்வையற்ற பாடகர்கள் செய்ததும் அதே காரியந்தான். அமெரிக்காவில் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் மாதாகோயிலில் செய்ததும் அதே காரியந்தான். நான் செய்தது என்ன? ஒன்றும் இழக்காத நாற்பது பிள்ளைகளை ஒருபுறமும், இழந்த ஒருத்தியை மறுபுறமும் நிறுத்தினேன். அவளுக்காகப் பாடச் சொன்னேனே தவிர, அவளோடு பாடச் சொல்லவில்லை. உண்மையில் அந்த வகுப்பில் அவளைப் போல் இழந்த பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களையும் அவளைப் பார்த்துப் பாட வைத்திருக்கிறேன்!

மறுவருஷம் கோடையில் அந்த வீட்டில் வருஷத் திதி கொடுத்தார்கள். அப்போது கட்டுப்பாடுகள் இல்லை. தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரு வருஷம் கழித்து, அந்த மனிதருக்கு ஒப்பாரி வைத்தார்கள். வராக நதிக் கரைத் தென்னந்தோப்பு வரையில் கேட்டது என்றார்கள். அந்தப் பெண்ணும் அப்பத்தாவின் மடியில் விழுந்து அழுதாளாம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு யார் யார் பாடுகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது, அவள் தானே எழுந்து நின்றாள். “சார், அந்தப் பூப் பாட்டு. ஆனா நான் தனியாப் பாடமாட்டேன், எல்லாரும் பாடணும்” என்றாள்.

பாடினார்கள். அவள் நடுவில் நிற்கவில்லை. வரிசையில் இரண்டாவதாக நின்றாள். அந்த மூன்று பிள்ளைகளும் வரிசையில் இருந்தார்கள். மைக் இரண்டு தடவை கீச்சிட்டது. ஒரு பையன் சுருதி விட்டுப் பாடினான். கீழே உட்கார்ந்திருந்த தாய்மார்களில் பலர் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் யாரை நினைத்துக்கொண்டாளோ, யார் அறிவார்?

மார்க்கைத் திருப்பிக் கொடுக்கிறேன்

ஸினிமாப் பாட்டுக்களில் ஆறுதல் தேடுவது சரியா என்று கேட்கும் பெரியோர்கள் உண்டு. மருந்து எந்தக் கடையிலிருந்து வந்தது என்பதைவிட, நோய்க்கு ஏற்றதா, காலம் அறிந்து கொடுத்ததா என்பதே முக்கியம். நல்ல பாட்டாயிருந்தாலும் காலம் தவறிக் கொடுத்தால் குத்தும் என்பதை நான் அநுபவித்து அறிந்தேன். முதலில் அழ விட வேண்டும். உடன் உட்கார வேண்டும். அப்புறந்தான் பாட வேண்டும். கோமகனைப் போன்றவர்கள் விட்டுப் போன ஆஸ்தியை நாம் அப்படித்தான் செலவழிக்க வேண்டும்.

இலக்கணத்துக்கு வருவோம். ‘ஒவ்வொரு’ என்பதன் பின் ஒருமைதான் வரவேண்டும். இதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகளை இன்றும் எச்சரிக்கிறேன். ஆனால் அன்று ஆண்டு விழா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றிற்று. துக்கம் ஒருமையில்தான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வருகிறது. அதைத் தாங்குவதோ பன்மையில்தான் முடிகிறது. பாட்டின் முதல் இரண்டு சொற்களிலும் ஒருமையும் பன்மையும் இலக்கணத்தை மீறிக் கைகோத்து நிற்கின்றன. கவிஞர் அதை நினைத்து எழுதினாரா என்பதைப் பற்றி நான் வாதாட மாட்டேன்.

கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய மாணவன் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று நான் குறைப்பதாகச் சொன்ன மார்க்கை இப்போது பெற்றுக்கொள்ளட்டும். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி.